கொடி அடுப்பு தெரிந்தால் போதும்: ஒரே பேனலில் கரண்டும் வெந்நீரும்

பேனல் போட்ட முதல் வாரம் பக்கத்து வீட்டு அத்தை மாடிக்கு வந்து பார்த்துவிட்டு, "சோலார் போட்டாச்சு, இனிமே வெந்நீர்ச் செலவும் மிச்சம்தானே?" என்றார். இல்லை அத்தை, இதில் கரண்ட் மட்டும்தான் வரும் என்றேன். அவருக்கு ஏமாற்றம். காலையிலிருந்து சாயங்காலம் வரை வெயிலில் காய்கிற இவ்வளவு பெரிய கறுப்புப் பலகையிலிருந்து ஒரு வாளி வெந்நீர்கூட வராதா என்று கேட்டார். நான் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். அது தப்பு, ஏனென்றால் அவர் கேட்டது ரொம்பச் சரியான கேள்வி.

உண்மையில் அந்தப் பலகை கரண்டைவிடப் பல மடங்கு சூட்டைத்தான் தருகிறது. நாம் அதைக் காற்றில் விட்டுவிடுகிறோம். அதைப் பிடித்து வெந்நீராக்கும் பேனல்களும் இருக்கின்றன. ஆனால் அவற்றைப் பற்றிப் பேசுகிறவர்களில் ஒருவர் "80 சதவீதம் செயல்திறன்" என்கிறார், இன்னொருவர் "வெயில் எவ்வளவு கொளுத்துதோ அவ்வளவு லாபம்" என்கிறார், மூன்றாமவர் "எல்லாம் வியாபாரத் தந்திரம்" என்று கையை உதறிவிடுகிறார். மூன்றுமே சரியில்லை. மின்சாரம் பற்றி ஒன்றும் தெரியாதவருக்கும் புரிகிற மாதிரி முதலிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

மூன்று பொருள், ஒரே பெயர்

குழப்பத்தில் பாதி பெயரால் வருகிறது. மாடியில் வெயில் படுகிற எதைப் போட்டாலும் நம் ஊரில் அதற்குப் பெயர் "சோலார்".

முதலாவது, சோலார் பேனல். நீலமாகவோ கறுப்பாகவோ இருக்கும் கண்ணாடிப் பலகை. உள்ளே சிலிக்கான் என்ற பொருளால் ஆன மெல்லிய சில்லுகள் வரிசையாக இருக்கும், அந்தச் சில்லுதான் சோலார் செல். வெளிச்சத்தைக் கரண்டாக மாற்றுவது மட்டும்தான் இதன் வேலை.

இரண்டாவது, சோலார் வாட்டர் ஹீட்டர். மேலே உருளையாக ஒரு டேங்க், கீழே சாய்வாகக் கண்ணாடிக் குழாய்கள். இதில் கரண்ட் உற்பத்தியே கிடையாது, தண்ணீரைச் சூடாக்கும், அவ்வளவுதான்.

மூன்றாவதுதான் நம் விஷயம். முன்பக்கம் சோலார் பேனல், பின்பக்கம் தண்ணீர் ஓடும் குழாய். போட்டோவோல்டாயிக் தெர்மல் என்பது முழுப் பெயர், சுருக்கமாகப் பிவிடி என்கிறார்கள். நானும் இனி அப்படியே சொல்கிறேன்.

இரண்டு அளவுகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாட் என்பது குழாயில் தண்ணீர் வருகிற வேகம் மாதிரி, யூனிட் என்பது குடத்தில் சேர்ந்த தண்ணீர் மாதிரி. 1000 வாட் வேகத்தில் ஒரு மணி நேரம் வந்தால் ஒரு யூனிட். கரண்டுக்கு மட்டுமல்ல, சூட்டையும் இதே யூனிட்டில் அளக்கலாம்.

எடை பார்க்கும் மெஷின்

ரயில்வே ஸ்டேஷனில் முன்பெல்லாம் எடை பார்க்கும் மெஷின் இருக்கும், ஒரு ரூபாய் போட்டால் விளக்கெல்லாம் சுற்றி அட்டை ஒன்று விழும். ஐம்பது காசு போட்டால் அட்டை வராது. ஐந்து ரூபாய் நாணயம் போட முடிந்தாலும் ஒரே அட்டைதான் வரும், மீதி நாலு ரூபாயை மெஷின் திருப்பித் தராது.

சோலார் செல் வேலை செய்வது கிட்டத்தட்ட இப்படித்தான். சூரிய வெளிச்சம் சின்னச் சின்னப் பொட்டலங்களாக வருகிறது, ஒவ்வொரு பொட்டலத்துக்கும் பெயர் ஃபோட்டான். எல்லாப் பொட்டலத்திலும் ஒரே அளவு ஆற்றல் இல்லை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஃபோட்டான்களில் கணிசமான பகுதி ஐம்பது காசு மாதிரி, சிலிக்கானிலிருந்து ஓர் எலெக்ட்ரானைக் கிளப்பிவிட அதற்குத் தெம்பு போதாது. அப்படியே உள்ளே போய்ப் பின்பக்கத்தைச் சூடாக்கும். நீலம், ஊதா நிற ஃபோட்டான்கள் ஐந்து ரூபாய் மாதிரி, தாராளமாக ஆற்றல் இருந்தாலும் கிளம்புவது பெரும்பாலும் ஒரே எலெக்ட்ரான்தான், மிச்சம் அந்த இடத்திலேயே சூடாகிவிடும்.

இது செய்நேர்த்திக் குறை இல்லை, பொருளின் இயல்பு. ஒரே வகைப் பொருளால் செய்த செல் எவ்வளவு நன்றாகச் செய்யப்பட்டிருந்தாலும் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரண்டாக்க முடியாது என்று ஷாக்லி, க்வைசர் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் 1961-லேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள். இன்று கடையில் கிடைக்கும் நல்ல பேனல் 20 முதல் 22 சதவீதம் வரை மாற்றுகிறது.

இதை ஒரு பேனலுக்குப் பொருத்திப் பார்ப்போம். 400 வாட் பேனல் ஒன்று சுமார் 2 சதுர மீட்டர் இருக்கும். நல்ல உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் 1000 வாட் விழுகிறது, ஆக மொத்தம் 2000 வாட். அதில் 400 கரண்டாகிறது. கொஞ்சம் பிரதிபலித்துப் போய்விடுகிறது. மீதி கிட்டத்தட்ட 1500 வாட், அதாவது ஓர் இஸ்திரிப் பெட்டியை ஏற்றிவைத்த சூட்டைவிட அதிகம், ஒவ்வொரு பேனலிலும் சும்மா எரிந்துகொண்டிருக்கிறது.

இதுவரை வந்ததைச் சேர்த்துப் பார்த்தால்: சோலார் பேனல் என்பது கரண்ட் தருகிற பலகை மட்டுமில்லை. ஐந்தில் ஒரு பங்கு கரண்டும் கிட்டத்தட்ட நாலு பங்கு சூடும் தருகிற பலகை. அத்தையின் கேள்வி சரிதான்.

வெளிச்சம் வேண்டும், சூடு வேண்டாம்

இப்போது இரண்டாவது தவறான எண்ணம். "அக்னி நட்சத்திரம் வந்தாச்சு, கரண்ட் கொட்டுமே" என்று என்னிடமே பலர் சொல்லியிருக்கிறார்கள். பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டிதான் இன்வெர்ட்டர்; எங்கள் வீட்டு இன்வெர்ட்டரின் மொபைல் ஆப்பைத் திறந்து பார்த்தால் பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும் வருகிற யூனிட் மே மாதத்தில் வருவதில்லை. வானம் தெளிவாக இருந்தாலும் வருவதில்லை.

காரணம், செல்லுக்கு வெளிச்சம்தான் சாப்பாடு, சூடு ஒத்துக்கொள்ளாது. பேனலின் பின்னால் ஒட்டியிருக்கும் 400 வாட் என்ற எண் 25 டிகிரியில் சோதித்து எழுதியது. அந்த 25 டிகிரி காற்றின் சூடு இல்லை, செல்லின் சூடு. நம் மாடியில் மதியம் செல் 65 டிகிரி வரை போகும். ஒயரையோ பெட்டியையோ தொடாமல், பின்பக்கத்து வெள்ளைத் தாளில் மட்டும் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், மூன்று எண்ணுவதற்குள் கை தானாக விலகிவிடும்.

25-க்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் பேனலின் திறனில் சுமார் 0.35 சதவீதம் குறைகிறது. 65 டிகிரி என்றால் 40 டிகிரி கூடுதல், ஆக 14 சதவீதம் போச்சு. 400 வாட் பேனல் 344 வாட்டில் நிற்கும். அதையே எப்படியாவது 45 டிகிரிக்கு இறக்கிவிட்டால் 372 கிடைக்கும்.

இங்கேதான் பிவிடியின் ஆசை பிறக்கிறது: பேனலுக்கு வேண்டாத சூட்டை எடுத்து, நமக்கு வேண்டிய தண்ணீரில் போட்டுவிட்டால் என்ன?

கொடி அடுப்பு

மண் அடுப்பு பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். பெரிய வாயில் விறகு எரியும், உலை அங்கே கொதிக்கும். பக்கத்தில் இன்னொரு சின்ன வாய், அதற்கு விறகு வைக்க வழி கிடையாது. பெரிய அடுப்பிலிருந்து உள்ளே ஒரு துளை வழியாக வருகிற அனல்தான் அதற்கு. அதுதான் கொடி அடுப்பு. எங்கள் ஆத்தா அதில் குளிக்கத் தண்ணீரோ குழம்போ வைத்துவிடும். சோறு பொங்கி முடிகிறபோது பக்கத்துப் பாத்திரமும் சூடாகியிருக்கும், அதற்கென்று ஒரு குச்சிகூட எரிக்கவில்லை.

பிவிடி என்பது மாடியில் வைத்த கொடி அடுப்பு. பெரிய வாயில் கரண்ட், கொடியில் வெந்நீர்.

கொடி அடுப்புக்கு ஒரு குணம் உண்டு, அதை மட்டும் மறக்காதீர்கள், இந்தக் கட்டுரையின் மீதி முழுக்க அதைப் பற்றித்தான். அதில் வெதுவெதுப்பாக எதையும் வைக்கலாம், ஆனால் தளதளவென்று கொதிக்க வைக்க முடியாது. கொதித்தே ஆகவேண்டும் என்றால் பெரிய அடுப்பின் சமையலைக் கெடுத்துத்தான் அதைச் செய்யவேண்டும்.

உள்ளே என்ன இருக்கிறது

பேனலின் பின்பக்கம் செம்பு அல்லது அலுமினியத் தகடு ஒட்டியிருக்கும், அதில் மெல்லிய குழாய்கள் ஓடும். ஒரு சின்னப் பம்ப் அந்தக் குழாய்களில் தண்ணீரைச் சுற்ற விடுகிறது. தண்ணீர் குளிர்ச்சியாக உள்ளே போய், செல்லின் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, கீழே இருக்கும் டேங்கில் அந்தச் சூட்டை இறக்கிவிட்டுத் திரும்பப் போகிறது. பேனலில் ஒரு சென்சார், டேங்கில் ஒரு சென்சார். பேனல் டேங்கைவிடச் சில டிகிரி அதிகச் சூடாக இருந்தால் மட்டும் பம்ப் ஓடும். மேகம் வந்தால் நின்றுவிடும், இல்லாவிட்டால் டேங்கில் சேர்த்த சூட்டைப் பேனல் வழியாக வெளியே கொட்டிவிடும்.

குழாயில் ஓடும் தண்ணீரும் நாம் குளிக்கும் தண்ணீரும் ஒன்றல்ல, ஒன்றாக இருக்கவும் கூடாது. போர்த் தண்ணீர் ஓடும் வீட்டில் கெய்சரைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே வெள்ளையாக உப்பு எப்படிப் படிந்திருக்கும் என்று. விரலைவிட மெல்லிய குழாயில் அது படிந்தால் கதை முடிந்தது. அதனால் குழாயில் சுத்தமான தண்ணீர் மட்டும் திரும்பத் திரும்பச் சுற்றும், டேங்குக்குள் ஒரு சுருள் வழியாகச் சூட்டை மட்டும் கைமாற்றும். சூடான பால் சொம்பைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் வைத்து ஆற்றுகிறோம் அல்லவா, பாலும் தண்ணீரும் கலப்பதில்லை, சூடு மட்டும் இடம் மாறுகிறது. இந்த ஏற்பாட்டுக்கு வெப்ப மாற்றி என்று பெயர்.

தண்ணீருக்குப் பதில் காற்றை ஓட விடும் வகையும் உண்டு. அதில் வருவது வெந்நீர் இல்லை, வெதுவெதுப்பான காற்று. குளிர்நாடுகளில் அதை வீட்டுக்குள் அனுப்புவார்கள், நமக்கு மிளகாயும் கொப்பரையும் காயவைக்க உதவும். டெல்லி ஐஐடியில் ஜி. என். திவாரி இந்த மாதிரி உலர்த்திகளைப் பற்றிப் பல வருடங்கள் ஆராய்ச்சி செய்திருக்கிறார்.

அப்புறம் கண்ணாடி விஷயம். பேனலுக்கு மேல் சற்று இடைவெளி விட்டு இன்னொரு கண்ணாடி மூடினால் காற்று சூட்டை அள்ளிக்கொண்டு போகாது, தண்ணீர் இன்னும் சூடாக வரும். ஆனால் இரண்டு நஷ்டம். கூடுதல் கண்ணாடி கொஞ்சம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும், உள்ளே இருக்கும் சோலார் செல்லும் அதிகம் சூடாகும், இரண்டிலும் கரண்ட் குறையும். கூடவே ஒரு ஆபத்தும் இருக்கிறது. கரண்ட் கட் ஆனால், லைன்மேனின் பாதுகாப்புக்காக, லைனோடு சேர்ந்து ஓடும் சாதாரண சோலார் இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும். அப்போது பம்ப் ஓடாது, செல்லிலிருந்து கரண்டும் எடுக்கப்படாது, வந்த வெயில் அத்தனையும் சூடாக உள்ளேயே நிற்கும். கண்ணாடி மூடிய பேனலில் அது 100 டிகிரியைத் தாண்டிப் போகும், செல்லை ஒட்டி வைத்திருக்கும் பிளாஸ்டிக் படலத்துக்கு அந்தச் சூடு ஆகாது. மதியம் கரண்ட் போகிற ஊரில் இருப்பவர்கள் இதைக் கேட்காமல் வாங்கக்கூடாது.

சுருக்கமாக: பின்னால் குழாய், உள்ளே மூடிய சுற்றாக ஓடும் தண்ணீர், டேங்கில் சூட்டைக் கைமாற்றும் சுருள். மேலே கண்ணாடி மூடினால் வெந்நீர் கூடும், கரண்ட் குறையும்.

ஐம்பது வருடப் பழைய யோசனை

நேற்று வந்த கண்டுபிடிப்பு மாதிரி இதை விற்கிறார்கள், ஆனால் 1973-லேயே அமெரிக்காவில் டெலவேர் பல்கலைக்கழகம் நெவார்க் நகரில் சோலார் ஒன் என்ற பெயரில் இப்படி ஒரு வீடு கட்டியது. கார்ல் போயர் என்ற இயற்பியலாளரின் முயற்சி அது. கூரையில் செல்கள், அவற்றுக்குக் கீழே காற்று ஓடும் வழி. செல்கள் கரண்ட் தரும், சூடான காற்று வீட்டுக்குள் போகும். ராத்திரிக்குச் சூட்டைச் சேர்த்துவைக்க மரியா டெல்க்ஸ் என்ற விஞ்ஞானி உருவாக்கிய உப்புக் கலவை இருந்தது. உருகும்போது சூட்டை வாங்கிக்கொள்ளும், உறையும்போது திருப்பித் தரும். சூட்டைப் பிடிப்பதைவிட வைத்திருப்பதுதான் கஷ்டம் என்பது அவர்களுக்கு அப்போதே தெரிந்திருந்தது.

20-ஐயும் 50-ஐயும் கூட்டாதீர்கள்

இப்போது அந்த "80 சதவீதம்". கரண்ட் 20 சதவீதம், சூடு 50, 60 சதவீதம், கூட்டினால் 70, 80. கணக்கில் பொய் இல்லை. ஆனால் அது ஒரு கிலோ முந்திரியையும் மூன்று கிலோ தவிட்டையும் சேர்த்து நாலு கிலோ என்று சொல்கிற கணக்கு.

ஒரு யூனிட் கரண்டால் ஃபேன் ஓடும், ஃப்ரிட்ஜ் ஓடும், மிக்ஸி ஓடும், வேண்டுமானால் வெந்நீரும் போடலாம். 40 டிகிரித் தண்ணீரில் இருக்கும் ஒரு யூனிட் சூட்டால் குளிக்கலாம், பாத்திரம் கழுவலாம், அவ்வளவுதான். இரண்டுக்கும் இடையில் எவ்வளவு வித்தியாசம் என்று பார்க்க ஓர் அளவுகோல் இருக்கிறது, ஹீட் பம்ப். அது ஏசியைத் திருப்பிப் போட்ட மாதிரி ஒரு கருவி. வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை உறிஞ்சித் தண்ணீருக்குள் தள்ளும். ஒரு யூனிட் கரண்ட் கொடுத்தால் மூன்று யூனிட் சூடு தரும். அப்படியென்றால் மூன்று யூனிட் வெதுவெதுப்புக்கு விலை ஒரு யூனிட் கரண்ட் என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த 50, 60 சதவீதத்திலும் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. தண்ணீர் சுற்றுக்காற்றின் சூட்டிலேயே இருக்கும்போது கிடைக்கும் அளவு அது. தண்ணீரை மேலும் மேலும் சூடாக்க ஆசைப்பட்டால், பேனலும் அதற்கு மேல் சூடாக இருந்தாகவேண்டும், சூடான பேனல் காற்றில் அதிகம் இழக்கும். கண்ணாடி மூடாத பேனலில் 40 டிகிரித் தண்ணீருக்கு நன்றாக வரும், 60 டிகிரித் தண்ணீர் கேட்டால் கிடைக்கும் சூடு பாதிக்கும் கீழே போய்விடும், கரண்டும் குறையும். கொடி அடுப்பின் குணம் இதுதான்.

ஆகவே எத்தனை சதவீதம் என்று கேட்பதில் பயனில்லை. எத்தனை டிகிரியில் எத்தனை லிட்டர் என்று கேட்கவேண்டும்.

சூட்டுக்கு யார் வீட்டில் வேலை இருக்கிறது?

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது இன்னொன்று, இதை யாருமே சொல்வதில்லை. கரண்ட் மிச்சமானால் மீட்டர் வழியாக லைனுக்குப் போய்விடும், எங்கோ யாரோ பயன்படுத்துவார்கள். சூடு எங்கும் போகாது. உண்டான வீட்டிலேயே, கிட்டத்தட்ட அன்றைக்கே செலவாகவேண்டும்.

சென்னையில் நாலு பேர் உள்ள வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு வாளி, 20 லிட்டர், மொத்தம் 80 லிட்டர். குழாயில் வருவதே 28 டிகிரி, குளிக்க 40 போதும். 100 லிட்டர் தண்ணீரை 10 டிகிரி ஏற்ற 1.16 யூனிட் வேண்டும், இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் எல்லாக் கணக்கையும் நீங்களே போடலாம். 80 லிட்டரை 12 டிகிரி ஏற்ற 1.1 யூனிட். ஒரு நாளைக்கு மொத்தமே அவ்வளவுதான். மாடியில் எட்டு பிவிடி பேனல் போட்டால் நாளுக்கு 20 யூனிட்டுக்கு மேல் சூடு வரும். மீதியை யாருக்குக் கொடுப்பது?

சித்திரையில் நிலைமை இன்னும் மோசம். மாடி டேங்கிலிருந்து வரும் தண்ணீரே மதியம் இரண்டு மணிக்குக் கையைச் சுடுகிறது, அப்போது யாரும் வெந்நீர் கேட்பதில்லை. வெந்நீர் டேங்க் காலை பத்து மணிக்கே சூடாகி நிறைந்திருக்கும். அதற்கப்புறம் பேனலுக்குள் போகிற தண்ணீரும் சூடான தண்ணீர்தான், அது எப்படிப் பேனலைக் குளிர்விக்கும்? பேனல் எப்போது அதிகம் கொதிக்கிறதோ அப்போதுதான் குளிர்விக்க ஆள் இல்லாமல் போகிறது. "பேனல் குளிர்வதால் கரண்ட் கூடும்" என்ற வாக்குறுதி நம் ஊர் வீடுகளில் நிறைவேறாமல் போவது இந்த இடத்தில்தான். தினமும் சூட்டை வாங்கிக்கொள்ள ஆள் இருந்தால்தான் அந்தக் கூடுதல் கரண்ட்.

குளிர்நாட்டில் இந்தக் கதை வேறு மாதிரி. அங்கே பிவிடியை ஹீட் பம்ப்போடு சேர்த்துவிடுகிறார்கள். ஹீட் பம்ப்புக்கு வெந்நீர் வேண்டாம், 5 டிகிரி, 10 டிகிரி தண்ணீர் கொடுத்தாலே அதிலிருந்து சூட்டைப் பிழிந்து எடுத்துக்கொள்ளும். அதனால் அரைகுறைச் சூடும் வீணாகாது, வெயிலே இல்லாத குளிர்நாளில்கூடப் பேனலின் பின்பக்கம் காற்றிலிருந்து சூட்டை வாங்கித் தரும். சுவிட்சர்லாந்தில் ரோட்க்ராய்ஸ் என்ற ஊரில் சூர்ஸ்டோஃபி என்ற குடியிருப்பில், கோடையில் கூரைப் பேனல்களில் கிடைக்கும் சூட்டை ஆழ்துளைகள் வழியாக மண்ணுக்குள் இறக்கி வைக்கிறார்கள், குளிர்காலத்தில் ஹீட் பம்ப் அதைத் திரும்ப எடுக்கிறது. ஐரோப்பாவில் இது நன்றாக ஓடுகிறது என்று காட்டி நம் ஊர் வீட்டுக்கு விற்பது பொருந்தாது. பேனல் ஒன்றே என்றாலும் தேவை ஒன்றல்ல.

இதுவரை: கரண்டையும் சூட்டையும் ஒன்றாகக் கூட்டக்கூடாது. சூடு குறைந்த டிகிரியில்தான் மலிவாகக் கிடைக்கும். தினமும் அதைச் செலவழிக்க ஆள் வேண்டும்.

அப்படியானால் எங்கே சரிப்படும்?

வருடம் முழுக்க வெதுவெதுப்பான தண்ணீர் நிறைய வேண்டும், மாடியில் இடம் குறைவு. இந்த இரண்டும் சேர்ந்த இடங்கள் நம்மிடம் நிறையவே உண்டு. விடுதிகள், ஓட்டல்கள், நீச்சல் குளம், ஊட்டி கொடைக்கானல் லாட்ஜுகள். பாய்லர் ஓடும் சாயப்பட்டறைகளில் பாய்லருக்குப் போகும் தண்ணீரை 28-லிருந்து 45-க்கு ஏற்றிக் கொடுத்தால் அந்த அளவு எரிபொருள் மிச்சம், கொதிக்க வைக்கும் வேலையைப் பாய்லர் பார்த்துக்கொள்ளும். ஆஸ்பத்திரிக்கும் ஆகும், ஆனால் அங்கே ஒரு எச்சரிக்கை இருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரை நாட்கணக்கில் தேக்கினால் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரும், நுரையீரலைத் தாக்கும். 60 டிகிரி வரை சூடாக்கிய பிறகுதான் பயன்படுத்தவேண்டும்.

என் மச்சான் கோயம்புத்தூரில் ஒரு பெண்கள் விடுதி நடத்துகிறான், அவனுக்காகப் போட்ட கணக்கை அப்படியே தருகிறேன். 60 பேர், ஆளுக்கு ஒரு வாளி, 1200 லிட்டர். மார்கழியில் குழாய்த் தண்ணீர் 24 டிகிரி, 40-க்கு ஏற்றவேண்டும். சுமார் 22 யூனிட். மாடியில் துணி காயப்போடும் கம்பி, தண்ணீர் டேங்க், அதன் நிழல் எல்லாம் போக எட்டுப் பேனலுக்குத்தான் இடம், 16 சதுர மீட்டர். அவன் ஊர் வெயிலில் ஒரு சதுர மீட்டருக்கு நாளுக்குச் சுமார் 5 யூனிட் விழுகிறது என்று வைத்துக்கொண்டேன்.

முதல் வழி, எட்டும் சாதாரண பேனல், கூட ஒரு ஹீட் பம்ப். நாளுக்கு 12 யூனிட் சொச்சம் கரண்ட் வரும், வெந்நீருக்கு 7 போகும், கையில் 5.

இரண்டாவது வழி, பாதி இடத்தில் குழாய் வைத்த சோலார் வாட்டர் ஹீட்டர், அது மட்டும் 22 யூனிட் சூட்டைத் தந்துவிடும். மீதி நாலு பேனல் 6 யூனிட் கரண்ட் தரும். கையில் 6. இதில் பழுது குறைவு, வந்தாலும் எந்தப் பிளம்பரும் பார்த்துக்கொள்வார்.

மூன்றாவது வழி, எட்டும் பிவிடி. டேங்கில் ராத்திரி ஆறுவதையும் கழித்து ஒரு பேனலுக்கு 3 யூனிட் சூடு என்றால் 24, வெந்நீர் முழுவதும் வந்துவிடும். கரண்ட் 13-க்குப் பக்கத்தில், பம்ப் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். கையில் 12.

இந்த விடுதியில் பிவிடி ஜெயிக்கிறது, காரணம் மாடி சின்னது, 60 பேர் தினமும் காலையில் டேங்கைக் காலி செய்துவிடுவார்கள், அதனால் ஒவ்வொரு நாளும் பேனலுக்குள் குளிர்ந்த தண்ணீர் போகும். இதே விடுதிக்கு இரண்டு மடங்கு மாடி இருந்திருந்தால் இரண்டாவது வழியையே எடுத்துக்கொள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன். ஒரே பேனலில் இரண்டு வேலை என்றால் பிளம்பரும் எலெக்ட்ரீஷியனும் சேர்ந்து பார்க்கவேண்டிய பழுது, நம் ஊரில் அதற்குப் பழகிய ஆள் குறைவு. பேனல் விலையும் கூடுதல். என் வீட்டுக்கு நான் பிவிடி போடமாட்டேன், நாலு பேர் குளிக்கிற வீட்டுக்கு அது வேண்டாம். அத்தையிடமும் அதைத்தான் இப்போது சொல்லியிருக்கிறேன், அவருக்கு 100 லிட்டர் சோலார் வாட்டர் ஹீட்டரே தாராளம்.

மச்சானுக்கு வந்த விலைப்பட்டியலில் "மொத்தச் செயல்திறன் 75 சதவீதம்" என்று தடித்த எழுத்தில் இருந்தது, டிகிரி எங்கேயும் இல்லை. டிசம்பரில் காலை ஐந்து மணிக்கு டேங்கில் எத்தனை லிட்டர், எத்தனை டிகிரியில் இருக்கும், மே மாதம் விடுதி லீவில் டேங்க் நிறைந்து நின்றால் பேனல் எவ்வளவு சூடாகும், மதியம் கரண்ட் போனால் பம்ப்பை எது ஓட்டும் என்று மூன்று கேள்வியை எழுதித் திருப்பி அனுப்பச் சொன்னேன். போன வாரம் அனுப்பிவிட்டான். பதிலில் டிகிரி எழுதி வந்தால் அட்வான்ஸ் கொடுப்பதாக இருக்கிறான்.